கீறல் விழாத லைசென்ஸ்

"மூணாவது தடவையும் ஃபெயிலா? வெட்கமா இல்லை?"

டெல்லி துவாரகா ஃப்ளாட்டின் ஹாலில் உட்கார்ந்தபடி, ஜெர்மனியில் படிக்கும் மகள் மாளவிகாவை வீடியோ காலில் கிழித்துக்கொண்டிருந்தார் சேஷன்.

"வண்டியைத் திருப்பறச்சே பின்னாடி திரும்பிப் பார்க்கலையாம். அதுக்குப் போய் ஃபெயில் பண்ணிட்டாப்பா."

"இதெல்லாம் ஒரு டெஸ்ட்! நான் லைசென்ஸ் வாங்கி இருபத்தஞ்சு வருஷமாச்சு. டிராஃபிக் போலீஸ் ஃபைன் போட்ட ஒரு சலான் உண்டா? வண்டியில ஒரு கீறல் உண்டா?"

மாளவிகாவின் கண் கலங்கியது. "அப்போ விட்டுடட்டுமாப்பா?"

"விட்டுடு. உனக்கெல்லாம் டிரைவிங் வராது."

ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஹம்சா, கணவர் கையிலிருந்த போனை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"மாளு, நீ மறுபடியும் டெஸ்டுக்குப் போ. உங்கப்பா லைசென்ஸ் எடுத்ததே கேஸ் கனெக்‌ஷனுக்கு அட்ரஸ் ப்ரூஃப் வேணும்னுதான். ஏஜென்ட் வீட்டுக்கே கொண்டுவந்து குடுத்தான். பிரேக் எந்தக் காலுக்குன்னு கேட்டுப் பாரு, தெரியாது!"

போனை வைத்துவிட்டுக் கார் சாவியை எடுத்தாள். "ஜல்தி வாங்கோ. உங்களை மெட்ரோவில இறக்கிட்டு நான் ஆபீஸ் போகணும்."

சேஷன் வழக்கம்போல இடது பக்கம் ஏறி, பெல்ட்டை இறுக்கி மாட்டிக்கொண்டார்.

"ஹம்சா, பின்னாடி ஒரு தடவை திரும்பிப் பார்த்துட்டு வண்டியை எடு!"