பன்னிரண்டாவது டாக்டர்

வாயை ஆவென்று திறந்து படுத்திருப்பவனுக்கு எல்லாம் காதில் விழும். பதில்தான் சொல்ல முடியாது.

மூன்றாவது மாடிப் பல் கிளினிக்கின் நாற்காலியில் அப்படித்தான் படுத்திருந்தேன். மார்பில் நீலக் காகிதம், முகத்துக்கு நேரே விளக்கு.

எனக்குப் பல்வலி கிடையாது. பாண்டி பஜாரில் இருக்கும் இந்தக் கட்டடத்தின் லிஃப்ட்காரன் நான். கிளினிக் முதலாளி அச்யுத் சார் புது டாக்டரை வேலைக்கு எடுக்கும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டுப் படுக்க வைப்பார். வருகிறவர்கள் என் வாயைப் பார்த்துவிட்டு, என்னென்ன வைத்தியம் செய்யலாம் என்று ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். அதுதான் பரீட்சை.

படுக்கிற எனக்கு ஒரு பிரியாணிப் பொட்டலம். அதைக் கீழே வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுவேன். அவர் என்னைப் பெரிய மனசுக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இதுவரை பதினோரு பேர் பார்த்தாயிற்று. ஒருத்தர் ஆறு பல் சொத்தை என்றார். மறுநாள் வந்தவர் ஒன்பது என்றார். ஒரு ராத்திரியில் மூன்று பல் சொத்தையாகும் அளவுக்கு நான் ஒன்றும் தின்றுவிடவில்லை.

ஒன்பது எழுதியவருக்குத்தான் வேலை கிடைத்தது. ஒரே மாதத்தில் அவர் கனடாவுக்குப் படிக்கப் போய்விட, மறுபடியும் ஆள் தேட ஆரம்பித்தார்கள்.

பன்னிரண்டாவதாக வந்தவள் பொன்மணி. காலையில் நான்தான் லிஃப்டில் ஏற்றிக்கொண்டு போனேன். பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த வேர்வை இன்னும் காயவில்லை. போனில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். இது ஒன்பதாவது இடமாம். இதுவும் கிடைக்காவிட்டால், கூடப் படித்தவர்கள் மாதிரி மெடிக்கல் கோடிங் கம்பெனியில் சேர்ந்து கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதானாம். ஐந்து வருஷம் பல்லுக்குப் படித்துவிட்டு.

கேட்க எனக்கே வயிறு எரிந்தது. எழுதித் தொலை பெண்ணே, பத்துப் பல் எழுது, என் வாய்தானே, என்று நாற்காலியில் படுத்தபடி மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவள் பல்லையெல்லாம் எண்ணிப் பார்த்தாள். பிறகு பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை வைத்துவிட்டு, கையுறை போட்ட விரலை இடது கன்னத்துக்குள் விட்டாள். நான் மாவாப் புகையிலை அடக்குகிற இடம். அங்கேயே அழுத்தி அழுத்திப் பார்த்தாள். நாக்கைத் தூக்கச் சொன்னாள்.

அப்புறம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி ஒன்று கேட்டாள். நான் தலையாட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விளக்கு வெளிச்சம் என்று பக்கத்தில் நின்ற அச்யுத் சார் நினைத்திருப்பார்.

அந்தத் தாளில் முப்பத்திரண்டு பல்லுக்கும் முப்பத்திரண்டு கட்டம் உண்டு. அவள் ஒரு கட்டத்திலும் எதுவும் எழுதவில்லை. ஓரத்தில், கட்டத்துக்கெல்லாம் வெளியே, நாலு வரி எழுதினாள்.

அச்யுத் சார் அதை வாய்விட்டே படித்தார். பற்களுக்கு வைத்தியம் தேவையில்லை. இடது கன்னத்தில் உள்பக்கம் வெள்ளைத் திட்டு. கெட்டியாக இருக்கிறது. உடனே சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்.

படித்துவிட்டுச் சிரித்தார். இதையெல்லாம் நாம் இங்கே பார்ப்பதில்லை என்றார். புதுத் தாள் ஒன்றை நீட்டி, தன் பேனாவையே கொடுத்தார். இரண்டு பல்லுக்கு ரூட் கேனால் எழுதினால் போதும், திங்கட்கிழமையே சேர்ந்துவிடலாம், கதவில் பெயர்ப்பலகை மாட்டிவிடலாம் என்றார்.

அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். எழுதியிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

"வாயைத் திறக்கச் சொன்னீங்க சார். திறந்தா பல்லு மட்டுமா தெரியும்?"

பேனாவை வெற்றுத் தாளின் மேல் வைத்தாள். தான் எழுதிய தாளை மடித்து என் கையில் கொடுத்தாள்.

அச்யுத் சார் முகம் சுருங்கிப்போனது. அவளைப் போகச் சொன்னார். என்னிடம் எழுந்திருக்க வேண்டாம் என்றார். அடுத்த பரீட்சைக்கு வந்த சாய்சரண் என்கிற பையன் வெளியே காத்துக்கொண்டிருந்தான்.

நான் எழுந்துவிட்டேன். நீலக் காகிதத்தைக் கழற்றி விளக்கின் கைப்பிடியில் மாட்டினேன். இனிமேல் வேறு வாயைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். பதினெட்டு வருஷத்தில் இந்தக் கட்டடத்தில் யாரிடமும் நான் முடியாது என்று சொன்னதில்லை. சொன்னபோது நன்றாகத்தான் இருந்தது.

லிஃப்டில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகையில்லை, கோபம் என்றாள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அரசு பல் மருத்துவமனை வாசலுக்கு வரச் சொன்னாள். அங்கேதான் படித்தாளாம், எந்த அறை என்று தெரியுமாம், கூடவே வருகிறாளாம். அன்றைக்கு அவளுக்கு வேறு வேலை எதுவும் இல்லை.

அவள் பஸ் பிடிக்கப் போன பிறகும் மூன்றாவது மாடியிலிருந்து மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் லிஃப்டை நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன்.

வாட்ச்மேன் வந்து பிரியாணி எங்கே என்றார். இனிமேல் கிடையாது என்றேன்.

கிடைத்திருந்தாலும் நான் தின்றிருக்க முடியாது. மூன்று மாதமாக எனக்கு மோர்சாதம்தான். பயத்தில் வீட்டில்கூடச் சொல்லவில்லை. மேலே வருகிற டாக்டர்களில் ஒருத்தராவது தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்றுதான் ஒவ்வொரு தடவையும் வாயை அகலமாகத் திறந்துகொண்டு படுத்தேன்.

டாக்டர் பொன்மணி குனிந்து என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"காரம் பட்டா எரியுதாண்ணா?"