பதினேழாம் நிமிடம்

"அதான் மெஷினே சொல்லிடுச்சே! இதுக்கு மேல மூக்கு எதுக்கு?" என்றார் மேலாளர்.

மேசையின் மேல் இரண்டு தாள்கள் கிடந்தன. ஒன்றில், ஆய்வகக் கருவி வரைந்த கோடு. அதன் நடுவே ஒரு முகடு மலைபோல் நிமிர்ந்து நின்றது. மற்றொன்று, பால்பொடி உலர்த்தும் கோபுரத்தை இருபது ஆண்டுகளாக இயக்கியவரின் வேலைநீக்க ஆணை. அதற்கு வேண்டியது ஒரே ஒரு கையெழுத்து.

பொடியில் வாடை வீசுகிறதென்று பதினொரு நாட்களாகப் புகார். என்ன வாடை? எவருக்கும் சொல்லத் தெரியவில்லை. குழந்தைகள் துப்பின. தாய்மார்கள் டப்பாக்களைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார்கள்.

உயர்ந்த முகடு, பால் சூடேறும்போது பிறக்கும் பொருளுக்கு உரியது. ஆகவே சூடு மிஞ்சியது! ஆகவே கோபுரத்தார் கண்ணயர்ந்தார்! விசாரணை அத்தோடு முடிந்தது.

கதவோரம் நின்ற கோபுரத்தாரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"உயரமா இருக்கிறதெல்லாம் மணக்கும்னு கணக்கு இல்ல, சார்," என்றாள் ஆய்வகப் பொறுப்பாளர். "சாயங்காலம் வரைக்கும் அந்தப் பேனாவை மூடி வைங்க."

கருவி எதைச் சொல்லும்? ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். அது மூக்கை எவ்வளவு தொடும் என்று சொல்லுமா? சொல்லாது! கரண்டி கரண்டியாகக் கலந்தும் மூக்கை எட்டாத பொருள் உண்டு. குளத்தில் ஒரு துளி விழுந்தாலே முகம் சுளிக்க வைக்கும் பொருளும் உண்டு. முன்னதற்குக் கருவி மலையை வரையும். பின்னதற்கு அது வரைவது வெறும் தரை.

எனவே அவள் வேறு முறையைத் தேர்ந்தாள். கருவிக்குள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வரும் ஆவியை இரண்டாகக் கிளைக்க விட்டாள். ஒரு பாதி கோடு வரையப் போகும். மறு பாதி ஒரு கண்ணாடிப் புனலின் வழியே மனித மூக்குக்கு வரும்.

புனலின் முன்னே அமர்ந்தவர், ஆய்வகத்தில் குப்பிகள் கழுவும் அக்கா. மூக்குத் தேர்வில் பட்டதாரிகள் அத்தனை பேரையும் பின்னுக்குத் தள்ளியவர்.

மேலாளரின் உதட்டோரம் ஒரு கேலி எட்டிப் பார்த்தது. அக்கா அதையும் மோப்பம் பிடித்துவிட்டார்.

"பட்டம் வாங்கின மூக்குதான் வேணும்னா சொல்லுங்க சார், எந்திரிச்சுடறேன்."

முதல் குப்பி, டப்பாவில் நிரப்பும் வரை பொடியை வைத்திருக்கும் மூட்டையிலிருந்து எடுத்தது. எந்தக் குப்பியில் எது என்று அக்காவுக்குச் சொல்லப்படவில்லை.

ஒன்பதாம் நிமிடம் மலை எழுந்தது. அக்காவின் முகம் மலர்ந்தது. "பால் காய்ச்சுற வாசனை. நல்லாத்தானே இருக்கு?"

பதினேழாம் நிமிடம் கோடு சலனமின்றிக் கிடந்தது. அக்கா முகத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"சீ! பூசணம் பிடிச்ச ஈரச் சாக்கு!"

இரண்டாம் குப்பி, கோபுரத்தின் வாயிலேயே பிடித்த பொடி, மூட்டையைத் தொடாதது. பதினேழு வந்தது, போனது. அக்கா கொட்டாவி விட்டார்.

மூன்றாம் குப்பியில் பொடியே இல்லை. பொடியை அடைக்கும் புதுக் காகித மூட்டையின் ஒரு துண்டு மட்டுமே. பதினேழாம் நிமிடம் அதே சுளிப்பு, அதே சொற்கள்.

குற்றம் சூட்டில் இல்லை. கோபுரத்தாரின் கண்ணிலும் இல்லை. மூட்டையில் இருந்தது!

மேலாளர் ஆணையை நான்காகக் கிழித்தார். கோபுரத்தார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அவருக்கே விளங்கவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின.

"அண்ணே, பொடியில வாடை போயிடும். காலையிலேர்ந்து பயந்து வேர்த்திருக்கீங்க பாருங்க, உங்க மேல வர்றதுக்குத்தான் மெஷின் வேணும். போய் மூஞ்சி கழுவிட்டு வாங்க," என்றார் அக்கா.

அறை முழுதும் சிரித்தது. உரக்கச் சிரித்தவள் பொறுப்பாளர்தான். பதினொரு நாட்களாக அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போனது. கால்கள் காற்றாய் லேசாயின.

"சரி, இந்த மூட்டையை வாங்கலாம்னு ஒப்புதல் கொடுத்த அறிவாளி யாரு?" மேலாளரின் குரல் மறுபடி உயர்ந்தது. "நாளைக்குக் காலையில எனக்குப் பேரு வேணும்."

"நாளைக்கு வரைக்கும் எதுக்கு, சார்?"

அவள் அலமாரியைத் திறந்தாள். தேட வேண்டியிருக்கவில்லை; மூன்று மாதங்களுக்கு முந்தைய அந்தப் படிவம் எங்கே இருக்கிறதென்று கைக்குத் தெரியும். சிரிப்பு மாறாத முகத்தோடு அதை எடுத்து மேலாளரின் முன்னே விரித்து வைத்தாள்.

'பொருள்: புதிய காகித மூட்டை. சோதித்த முறை: கருவி மட்டும். கோடு சீராக உள்ளது. வாடை எதுவும் இல்லை.'

அதன் கீழே இருந்த கையொப்பம் அவளுடையது.