தேன்மொழியின் விரல்

முத்தியால்பேட்டையில் இருந்த அந்தச் சின்னப் பள்ளிக்கு 2006-இல் கம்ப்யூட்டரில் இணைக்கிற மைக்ராஸ்கோப் ஒன்று வந்தது. யூ.கே.ஜி. டீச்சர் ஷாஜாதி, பிள்ளைகளின் விரலை ஒவ்வொன்றாக அதன்கீழ் வைத்துக் காட்டினார். அலை வந்துபோன மணல்போல ரேகைகள் திரையில் விரிந்தன. பதினேழு பிள்ளைகளுக்கும் அப்படித்தான். பதினெட்டாவதாகத் தேன்மொழி விரல் வைத்தபோது மட்டும் வெறும் மேசைப் பலகை தெரிந்தது.

ஷாஜாதி லென்ஸைத் துடைத்தார். வயரைக் கழற்றி மாட்டினார். நேரில் பார்த்தால் விரல் இருந்தது, நகத்தில் மருதாணிகூடச் சிவந்திருந்தது. திரையில் மேசைதான்.

"சனிக்கிழமை பெத்தவங்க பாக்க வர்றாங்க. அந்தப் பொண்ண மட்டும் விட்டுடுங்க," என்றார் தலைமையாசிரியை.

"விட மாட்டேன் மேடம். பதினெட்டுப் பேரும் நிப்பாங்க. இல்லன்னா இந்த மெஷினே வேணாம்." ஷாஜாதி இடத்தைவிட்டு நகரவில்லை.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு, பாருங்க," என்று தலைமையாசிரியை தன் விரலை வைத்தார். திரை நிறைய ரேகைகள் வந்தன.

தேன்மொழி ஸ்டூலில் ஏறினாள். "நான் இருக்கேன்," என்று சொல்லி, தன் விரலை அவர் விரல்மேல் வைத்து அழுத்தினாள்.

திரையில் தலைமையாசிரியையின் விரல் மட்டுமே தெரிந்தது. அதன் நடுவில் ஒரு சின்னக் குழி விழுந்தது. ரத்தம் ஒதுங்கி அந்த இடம் வெளுத்தது. அவர் கையை இழுத்துப் பார்த்தார், வரவில்லை.

"இன்னும் நல்லா அழுத்தும்மா," என்றார் ஷாஜாதி.

குழி ஆழமானது.