முப்பது வினாடிக்குள் வெளியே

மஞ்சள் பெட்டியின் கண்ணாடியை டார்ச் லைட்டின் அடிப்பாகத்தால் ஞானபாக்கியம் தட்டினாள். ஒரே தட்டில் உடைந்தது.

உள்ளே இருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

சைரன் அலறியது. சர்வர் அறைக் கதவுக்கு மேலே 30 என்று எரிந்தது. பிறகு 29.

எர்ணாவூர் நெடுஞ்சாலை ஓரம், பழைய கிடங்கு ஒன்றை மாற்றிக் கட்டிய சின்ன டேட்டா சென்டர் அது. இங்கே தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்ற முடியாது. அதற்காக வராந்தாச் சுவரோரம் வரிசையாகச் சிவப்புச் சிலிண்டர்கள். பொத்தானை அமுக்கினால் முப்பதாவது வினாடியில் கரியமில வாயு அறையை நிரப்பும். நெருப்பு அணைந்துவிடும். உள்ளே ஆள் இருந்தால் பிழைக்க மாட்டான்.

வேலைக்குச் சேரும் எல்லோருக்கும் முதல் நாளே மேலாளர் செங்குட்டுவன் எடுக்கும் பாடம் இது. கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டு ஓடணும் என்பான்.

இப்போது உள்ளே நான்கு பேர். இரண்டு இன்ஜினியர்கள். வாடிக்கையாளர் விவரங்களை இங்கே சேமித்து வைத்திருக்கும் ஒரு வங்கியிலிருந்து சோதனைக்கு வந்த அதிகாரி ஹஃப்சா. நான்காவது ஆள் செங்குட்டுவன்.

இந்த ஒரு நாளுக்காகத்தான் ஞானபாக்கியம் நான்கு மாதமாக செக்யூரிட்டி சட்டையை மாட்டிக்கொண்டு இந்த வாசலில் நிற்கிறாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் இதே அறையில் பேட்டரி ஒன்று தீப்பிடித்தது. எலக்ட்ரீஷியன் பிராங்கிளின் செத்துப்போனான். பயத்தில் பொத்தானை அமுக்க மறந்து தானே உள்ளே ஓடிவிட்டான் என்று செங்குட்டுவன் அறிக்கை எழுதினான். உடையாமல் இருந்த மஞ்சள் பெட்டியைப் படம் பிடித்து அதோடு இணைத்தான்.

ஒரு பட்டன் அமுக்கத் தெரியாதவன் என்று, கல்லறையில் மண் போடும்போதே யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். அது பிராங்கிளின் மனைவியின் காதில் விழுந்தது.

சாவுக்கு வந்திருந்தால் செங்குட்டுவனுக்கு அந்த மனைவியின் முகம் தெரிந்திருக்கும். தினமும் காலையில் தனக்குக் கதவைத் திறந்துவிடும் ஞானபாக்கியத்தை அவன் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

22.

இன்ஜினியர்கள் இருவரும் கதவில் இடித்துக்கொண்டு வெளியே வந்து விழுந்தார்கள். ஒருவன் போனைக்கூட எடுக்கவில்லை.

18.

ஹஃப்சா ஓடிவந்தாள். கோப்பும் கைப்பையும் உள்ளேயே கிடந்தன. வராந்தாவுக்கு வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். செங்குட்டுவன் வரவில்லை.

சுவரில் பச்சைப் பொத்தான் ஒன்று உண்டு. அதை அமுக்கிப் பிடித்தால் எண்ணுவது நின்றுவிடும். ஞானபாக்கியம் அதை மறித்துக்கொண்டு நின்றாள்.

ஹஃப்சா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். உள்ளே ஆள் இருக்கிறார், நிறுத்தம்மா என்று கெஞ்சினாள்.

ஞானபாக்கியம் அசையவில்லை. காவல் மேஜைமேல் இருந்த கேமரா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில் செங்குட்டுவன் நின்ற இடத்திலேயே நின்றான். சைரன் சத்தத்துக்கு முகத்தைச் சுளித்தான். அண்ணாந்து கூரையைப் பார்த்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான்.

"பதறாதீங்க மேடம், ஒண்ணும் ஆகாது," என்று அவன் குரல் மட்டும் கதவைத் தாண்டி வந்தது.

9. 8.

ஒரு இன்ஜினியர் அழ ஆரம்பித்தான்.

3. 2. 1.

டக்கென்று ஒரு சத்தம். குழாய்கள் ஒருமுறை அதிர்ந்தன.

அவ்வளவுதான். வாயு வரவில்லை.

செங்குட்டுவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாக வெளியே வந்தான். எந்த முட்டாள் பொத்தானைத் தொட்டது என்று கேட்டான். பிறகு உடைந்த சில்லுகளையும் பக்கத்தில் நின்றவளையும் பார்த்தான். இன்றோடு வேலை போச்சு, போலீசில் பிடித்துக் கொடுக்காமல் விடமாட்டேன் என்று கத்தினான்.

அவன் கத்தி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"அல்லாரும் உசுரு பொயைச்சா போதும்னு ஓடியாந்தாங்க. நீ மட்டும் இன்னாத்துக்கு சார் ஓடல?"

செங்குட்டுவன் மூக்குக்கண்ணாடியை மறுபடி கழற்றினான்.

ஹஃப்சா அவனையே பார்த்தாள். அழுதுகொண்டிருந்த இன்ஜினியர் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தான். சிலிண்டர்களில் வாயு இருந்திருந்தால் செங்குட்டுவன்தான் முதல் ஆளாக ஓடிவந்திருப்பான்.

போலீஸ் ஸ்டேஷனில் எட்டு மாதமாக யாரும் காதில் வாங்காத ஒன்றை ஞானபாக்கியம் இப்போது சொன்னாள்.

"பட்டன அமுக்கிட்டேன் பாக்கியம், ஒண்ணியும் வர்ல, நான் உள்ள போறேன்னு போன்ல சொன்னாரு சார், எங்க வூட்டுக்காரு. அப்பால நீ பொட்டிக்குப் புதுக் கண்ணாடி மாட்டிப் படம் புட்ச்சிக்கின."

ஹஃப்சா மெதுவாகச் சிலிண்டர்களின் பக்கம் போனாள். ஒவ்வொன்றின் கழுத்திலும் எடை குறித்த ஒரு அட்டை தொங்கியது. எல்லாவற்றிலும் ஒரே எடை, ஒரே மை, செங்குட்டுவனின் ஒரே கையெழுத்து. இந்த வகைச் சிலிண்டரில் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று காட்ட முள் கிடையாது. எடை போட்டால்தான் தெரியும்.

பக்கத்தில் எங்காவது தராசு கிடைக்குமா என்று இன்ஜினியர்களிடம் கேட்டாள்.

பதில் ஞானபாக்கியத்திடமிருந்து வந்தது. எதிரே பழைய இரும்புக் கடையில் பெரிய தராசு இருக்கிறது. கடைக்காரர் தமீமிடம் காலையில் வரும்போதே சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். சிலிண்டரைத் தூக்க இரண்டு ஆட்களோடு அவர் பத்து மணியிலிருந்து கேட்டுக்கு வெளியே நிற்கிறார்.