போய் வரும் தூரம்

“காலையில போய்ட்டு சாயந்தரம் வூட்டுக்குத் திரும்பிடலாமா?”

கன்னியப்பன் இப்படிக் கேட்டதும் ஷீபாவுக்கு உயிர் வந்தது. “தாராளமாண்ணா. செய்யாறு இங்கருந்து ஒரே பஸ்தான்.”

“அப்போ வேணாம். எடுத்துடு.”

மவுஸ் மேல் இருந்த அவள் கை அப்படியே நின்றது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறவள் அவள். அரசுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட இன்றுதான் கடைசி நாள். வாசலில் கூட்டம் நிற்கிறது. இந்த ஆளோ நாற்காலியை விட்டு எழுந்திருக்கிற வழியாக இல்லை.

அவன் மகள் கீர்த்தி பிளஸ் டூவில் அறுநூறுக்கு முந்நூற்றுப் பதினெட்டு வாங்கியிருந்தாள். தாவரவியல் படிக்க ஆசை. இந்த மார்க்குக்கு ஆசையை மட்டும் நம்பி ஊர்களைப் போட்டால் ஒரு இடமும் கிடைக்காமல் போய்விடும் என்று ஷீபா ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். ஆசைக்குச் சென்னையில் ஒன்று. மிச்சமெல்லாம் நிச்சயமாகக் கிடைக்கிறதாக இருக்கட்டும் என்று சுற்றுப்பட்டு ஊர்களாகப் பார்த்துப் போட்டாள். அவற்றைத்தான் கன்னியப்பன் ஒவ்வொன்றாகத் தூக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

உள்ளூர்க் கல்லூரியா, பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பசங்க சரியில்லை என்றான். காஞ்சிபுரமா, ஒரே கூட்டம். செய்யாறா, வெள்ளம் வந்தால் பஸ் நின்றுவிடும்.

“அந்த ஆத்துல வெள்ளம் வந்தா சொல்லுடா, நானும் வேடிக்கை பாக்க வரேன்” என்றாள் கூட வந்திருந்த கோவிந்தம்மாள்.

அவள் அவனுடைய அக்கா. தாய் செத்துப்போன வீட்டில் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். இப்போது உத்திரமேரூரிலேயே குடியிருக்கிறாள். அவள் பேச்சுக்கு அவன் மறுபேச்சு பேசி யாரும் பார்த்ததில்லை. இன்றைக்கும் பேசவில்லை. அவள் எது சொன்னாலும் ஷீபாவைப் பார்த்துத்தான் பதில் சொன்னான்.

பக்கத்திலேயே போடச் சொல்லி கோவிந்தம்மாள் நயமாகவும் சொல்லிப் பார்த்தாள், அதட்டியும் சொல்லிப் பார்த்தாள். அவர்கள் ஊரான சாலவாக்கத்திலிருந்து தினம் வந்து போவது கஷ்டம் என்றால் புள்ளை தன் வீட்டிலேயே தங்கிக்கொள்ளட்டும் என்றாள். பஸ் வராவிட்டால் தன் மகன் ஜெகன் வண்டியில் கொண்டுபோய் விடுவான், அவனுக்கு அதைவிட என்ன வேலை என்றாள். கீர்த்தி அத்தையின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கடையில் தன் பக்கம் பேச அத்தை ஒருத்தியாவது இருக்கிறாளே என்று இருந்தது அவளுக்கு.

“கன்னியப்பா, நாம பேசினது ஞாபகம் கீதா?”

“கீதுக்கா” என்றவன், ஷீபா பக்கம் திரும்பினான். “யாரும் அவ்வளவா போய்ச் சேராத ஊரு எதும்மா?”

ஷீபா தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். மலைப் பக்கமும் கடலோரமும் சில ஊர்கள் இருக்கின்றன. இந்த மார்க்குக்கு அங்கே இடம் கிடைத்துவிடும். ஆனால் போய்ச் சேரவே ஒரு ராத்திரி ஆகும்.

“பொம்பளப் புள்ளைங்களுக்கு ஆஸ்டல் கீதா?”

“கவர்மெண்ட் ஆஸ்டல் கீதுண்ணா. ஆனா பெரிய லீவுக்குத்தான் வூட்டுக்கு வர முடியும்.”

“அந்த ஊருங்களையே போடு.”

ஷீபா இப்படி எத்தனையோ அப்பாக்களைப் பார்த்தவள். நேராகப் படிக்காதே என்று சொல்ல மாட்டார்கள். எட்டாத ஊராகப் பார்த்துப் போடுவார்கள். இடம் கிடைத்ததும், வயசுப் பொண்ணை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது என்று உட்கார வைத்துவிடுவார்கள். சொல்லியே விடலாம் என்று வாயெடுத்தவள், கீர்த்தியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவளுக்கும் அது புரிந்துதான் இருந்தது.

“உள்ளூர் ஒண்ணாவது இருக்கட்டும் நைனா. எதுவுமே கெடைக்கலன்னா?”

கன்னியப்பன் சட்டைப் பையிலிருந்த போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான். விண்ணப்பத்தை முடிக்க ஒரு நம்பர் வரும், அதைச் சொன்னால்தான் உள்ளே போகும் என்று ஷீபா முன்பே சொல்லியிருந்தாள். போனில் வந்த நம்பரைச் சொல்லிப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் கதையெல்லாம் கேட்டு வைத்திருந்த ஆள் அவன். இன்றைக்கு அந்த நம்பர்தான் அவனுக்குப் பிடி.

“நான் சொன்ன ஊருங்க மட்டும் இருந்தா நம்பரச் சொல்றேன். இல்லன்னா வூட்டுக்குக் கெளம்பறேன்.”

வாசலில் நின்றவர்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். ஷீபா அவன் சொன்னபடியே மாற்றினாள். அப்படியும் அவன் நம்பவில்லை. ஒவ்வொரு ஊரையும் மகளை விட்டு வாய்விட்டுப் படிக்கச் சொன்னான். கீர்த்தி கடைசி ஊர் வரைக்கும் படித்து முடித்த பிறகுதான் பொத்திய கையை எடுத்தான்.

கோவிந்தம்மாள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “நல்லா கீதுடா உன் ஞாயம்” என்று மட்டும் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கிப் போனாள்.

சாலவாக்கம் பஸ்ஸுக்கு நிற்கும்போது கீர்த்தியால் அடக்க முடியவில்லை.

“தூரமா கெடைச்சா அனுப்ப மாட்டேன்னு சொல்றதுக்குத்தானே இதெல்லாம்? அதுக்கு நேராவே சொல்லியிருக்கலாமே நைனா.”

கன்னியப்பன் அக்கா போன தெருவை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டான்.

“கிட்ட கெடைச்சா வர்ற ஆவணியிலேயே ஜெகனுக்கும் ஒனக்கும் கல்யாணம், அவங்க வூட்லருந்தே காலேஜுக்குப் போவட்டும்னா ஒங்க அத்த. தூரமா போய்ட்டா படிப்பு முடியற வரைக்கும் பொறுத்துக்கறேன்னும் அவ வாயாலயே சொன்னா” என்றான். “அக்காவாண்ட முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வராது. நீ படிச்சிட்டு வந்து சொல்லு.”