காட்பாடியில் வண்டி மாறணும்

“சென்னையில எறங்கினதும் சென்ட்ரலுக்குப் போயி காட்பாடி வண்டி புடிங்க. அங்க விழுப்புரம் வண்டிக்கு மாறினா, ஆரணி ரோடு ஸ்டேஷன்ல நான் நிக்கிறேன்” என்று போனில் வழி சொன்னாள் மணிமேகலை.

மஸ்கட்டில் கட்டட வேலை பார்க்கும் கணவன் ஜெயக்குமார் ஒப்பவில்லை. “நீ ஏர்போர்ட்டுக்கே வந்துடு, மணி.”

“போறப்ப தனியாதானே போனீங்க? இப்ப இன்னா புதுசா? தறியில பாதிச் சேலை நிக்குது.”

“இந்த ஒரு தடவ வா.”

அந்தக் குரல் அவள் மனசை என்னவோ செய்தது. முணுமுணுத்துக்கொண்டேதான் சென்னைக்குக் கிளம்பினாள்.

விமான நிலைய வாசலில், ஊழியர் ஒருவர் ஜெயக்குமாரைக் கைப்பிடித்து அழைத்துவந்தார். எதிரே நின்றவளைத் தாண்டி எங்கோ பார்த்தபடி, “என் பொஞ்சாதி வந்துக்கிறாளா, சார்?” என்று கேட்டான் அவன்.

“இங்கதாங்க நிக்கிறேன்” என்றாள். வார்த்தை பாதியில் உடைந்தது.

“சாரத்துலர்ந்து விழுந்து தலையில அடி, மணி. ரெண்டு கண்ணும் போச்சி. போன்ல சொல்ல வாய் வரல.”

அவன் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள் மணிமேகலை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. குரலை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“மெதுவாவே நடங்க. காட்பாடி வண்டிக்கு இன்னும் நேரம் கீது.”