ஒற்றைச் சுருட்டு

சுருட்டுப் பெட்டியை அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்து, மூடியைத் திறந்து காட்டினாள் மகள்.

உள்ளே இருபத்தைந்து சுருட்டுகள், இடம் போதாமல் நெருக்கியடித்துக்கொண்டு படுத்திருந்தன.

"ஒவ்வொண்ணுக்கும் கடைக்கு அலையறீங்களே, இனிமே வேண்டாம்பா. பால்கனியில நாற்காலி போட்டிருக்கேன். அங்கேயே உக்காந்து பிடிங்க. அம்மா கூப்பிட்டாலும் காதுல விழும்."

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற அப்பா சிரித்து வைத்தார். திருடனுக்குத் தேள் கொட்டினால் வேறு என்னதான் செய்வான்?

பாவம், நல்ல பெண். பால், மருந்து, காய்கறி எல்லாம் வாசலுக்கே வந்து சேரும்படி ஃபோனிலேயே ஏற்பாடு செய்தவள். அப்பாவுக்கென்று வெளியே மிச்சமிருந்த ஒரே வேலை சுருட்டு வாங்குவதுதான். அதையும் ஒரு வழியாக முடித்துவைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனாள்.

தெருமுனைக் கடைக்காரருக்கு இந்த விஷயத்தில் ஒரு சாஸ்திரமே உண்டு. பெட்டியாக வாங்குகிறவன் ஆயுசை நம்புகிறவன். ஐந்து சுருட்டுக் கட்டு வாங்குகிறவன் சம்பளத்தை நம்புகிறவன். ஒற்றையாக வாங்குகிறவன் பெண்டாட்டிக்குப் பயந்தவன்.

மெக்கானிக்கை அவர் கடைசி வகையில் சேர்த்திருந்தார். முகத்துக்கு நேரே சொல்லிக் கேலியும் செய்வார். மெக்கானிக் மறுத்ததில்லை.

மறுத்து என்னத்தைச் சொல்ல? மனைவி பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருஷமாகிறது. இடது பக்கம் அப்படியே போய்விட்டது. புரட்டிப் படுக்கவைக்க, துடைத்துவிட, ஊட்ட, எல்லாவற்றுக்கும் இவர்தான். அலுப்பென்றால் அப்படி ஒரு அலுப்பு. தூங்கி எழுந்தாலும் கூடவே எழுந்திருக்கும்.

தானாகத் திரும்பிப் படுக்க முடியாதவளிடம், சும்மா கொஞ்சம் வெளியே போய்விட்டு வருகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? சுருட்டு வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றால் சொல்ல முடிந்தது.

ஒன்றே ஒன்று வாங்குவார். கடை ஓரமாக நின்று நிதானமாகப் பிடிப்பார். சிகரெட் என்றால் பற்றவைத்ததும் தீர்ந்துவிடும்; சுருட்டு அவசரப்படுத்தாது. தெருவில் யார் யாரோ போவார்கள், வருவார்கள். ஒருவரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள். அது போதும்.

அடுத்த வேளைக்கென்று வாங்கி வைத்துக்கொள்ள மாட்டார். கையில் இருந்தால் எதைச் சொல்லிக்கொண்டு இறங்குவது?

இப்போது கைநிறைய இருந்தது.

பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றைப் பற்றவைத்தும் பார்த்தார். இரண்டு இழுப்பு இழுப்பதற்குள் உள்ளே அவள் இருமினாள். அணைத்துவிட்டு எழுந்து வந்தார்.

பெட்டி தீர எப்படியும் ஒரு வாரம் ஆகும். தீர்ந்தால் மகள் இன்னொன்று அனுப்பிவைப்பாள். நினைத்தாலே மூச்சு முட்டியது.

வேலையில் இருந்த காலத்தில், நடுவழியில் நின்றுபோன லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி மனைவியிடம் கதை கதையாகச் சொல்வார். முதலில் ஜோக்கடிப்பார்களாம். அப்புறம் கதவைத் தட்டுவார்களாம், கத்துவார்களாம். சத்தம் அடங்கிப்போனால்தான் பயப்பட வேண்டும் என்பார்.

அன்று மதியம் முழுக்க அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

பால் காய்ச்ச அடுக்களைக்குப் போனார். பொங்கி அடுப்பெல்லாம் வழிந்த பிறகுதான் அணைக்க வேண்டும் என்று தோன்றியது.

திரும்பி வந்தால், ஸ்டூல் முழுக்கத் தண்ணீர். அவள் குடிக்கிற பாட்டில் பெட்டிக்குள் தலைகுப்புறக் கிடந்தது. சுருட்டெல்லாம் ஊறி உப்பி, இலை பிரிந்து, டீத்தண்ணி நிறத்தில் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

ஐயோ, பாட்டில் மூடியைச் சரியாக முடுக்காமல் விட்டுவிட்டேனே என்று பதறினார்.

மனைவி ஃபேனைப் பார்த்தபடி, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

"போனா போகட்டும்ங்க. போய் ஒண்ணு வாங்கிக்குங்க. ஒண்ணு போதும். மெதுவா வாங்க."

தரையைத் துடைத்துவிட்டு, பாட்டிலை மூடுவதற்கு மூடியைத் தேடினார். அது அவளுடைய தலையணைக்கு அடியில் இருந்தது.

ஒரு தடவை பாட்டில் சாய்ந்து படுக்கை நனைந்ததிலிருந்து, மெக்கானிக் கையால் இறுக்கி முடுக்குகிற மூடி. தானாகக் கழலாது. திறக்க இரண்டு கை வேண்டும்.

மூடியைச் சுற்றிலும் பல் பதிந்த தடம்.

அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்குகிறாளாம். கீழுதடு லேசாகக் கிழிந்து சிவந்திருந்தது.

அவர் ஈரத்துணியால் உதட்டை ஒற்றிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

கடையில் வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்றிருந்தது. ஒரு விரலை மட்டும் காட்டினார்.

பெண்டாட்டிக்கு இவ்வளவு பயமா என்று கேட்டுக்கொண்டே, கடைக்காரர் ஒன்றை எடுத்து நீட்டினார்.

மெக்கானிக் இன்றைக்கும் மறுக்கவில்லை.